அடையாற்று முயலும் அபிராமபுரத்துக் குரங்கும்

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி முப்பது நாளில் பதில் வர வேண்டும். கிண்டிக் காட்டுச் சுவரோரம் முயல் உண்டா என்று ஜூன் 2 அன்று கேட்டிருந்தேன். முப்பத்தொன்றாம் நாளும் பதில் இல்லை. நேரில் ஆய்வு செய்யக் கிளம்பினேன்.

காரணம் வேதநாயகம். அலுவலகத்தில் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். ஓய்வுக்குப் பின் அடையாற்றில், காட்டை ஒட்டி இரண்டாம் மாடியில் வீடு வாங்கினார். பால்கனியிலிருந்து முயல் பார்ப்பதாக ஆறு மாதமாகத் தொலைபேசியில் சொல்கிறார். அபிராமபுரத்தில் எனக்கு வாய்த்தது குரங்கு. தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கழற்றி எறிவது அதன் அன்றாடப் பணி.

காலை 5.40. ஆட்டோ, நான்கு கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய்.

"இன்னா சார், காத்தாலயே எங்க?"

"முயல் பாக்க."

ஓட்டுநர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "சைதாப்பேட்டை கறிக்கடையாண்ட கூண்டுல கீது சார். அதுக்கு எதுக்கு அடையாறு?"

"அது வளர்ப்பு முயல். இது காட்டு முயல்."

"இன்னா வித்தியாசம்?"

"இது என் ஃப்ரெண்டு வீட்டுக்குப் பின்னாடி இருக்கு."

6.05. வேதநாயகம் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க சார். பையன் அத பெருச்சாளிங்கிறான், ஃபிலோமினா பூனைங்கிறா. நீங்க பாத்துட்டு ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க."

"கண்ணாஸ்பத்திரிக்கு வாங்கன்னு கூப்பிடறேன் சார், கேக்க மாட்டேங்கிறாரு," என்றார் உள்ளிருந்து அவர் மனைவி ஃபிலோமினா.

என்னைப் பால்கனியில் உட்காரவைத்துவிட்டு, வேதநாயகம் காப்பி கொண்டுவரப் போனார்.

6.20. சுவருக்கு அப்பால் புல்லில் பழுப்பாக ஒன்று எழுந்து உட்கார்ந்தது. நீண்ட காதுகளில் வெயில் ஊடுருவிச் சிவந்தது. தலை திருப்பியபோது பிடரியில் கறுப்புத் திட்டு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. என் வீட்டுக் குரங்கு கண்ணுக்கு நேரே முறைக்கும், பல்லைக் காட்டும், என் வேர்க்கடலையைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போகும். இந்த முயலுக்கு யாரிடமும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. புல்லைக் கடித்தது, அசையாமல் இருந்தது. தினமும் இப்படியொரு விடியல் ஒரு ஜூனியருக்கு எதற்கு என்று தோன்றியது. இரண்டே தாவலில் மறைந்துவிட்டது.

"வந்துச்சா சார்?" டம்ளரை நீட்டினார்.

"ஒண்ணும் வரலையே."

காப்பியின் நுரை அடங்கும்வரை அவர் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பெருச்சாளியாத்தான் இருக்கும்," என்றார்.

7.30-க்கு வீடு திரும்பினேன். மொட்டைமாடியில் குரங்கு உட்கார்ந்திருந்தது, கன்னம் இரண்டும் உப்பியபடி. அன்று அதைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு வேதநாயகம் முயலைப் பற்றிப் பேசவேயில்லை.

ஐம்பத்தேழாம் நாள் பதிவுத் தபாலில் பதில் வந்தது: மேற்படி சுவரோரம் முயல்கள் உண்டு. அவருக்கு அனுப்ப ஒரு நகல் எடுத்தேன். அடியில், 'ஜூலை 3, காலை 6.20 மணிக்கு நானும் நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கையெழுத்தின் கீழே தேதி இட வேண்டும் என்பது நடைமுறை. இட்டேன்: ஜூலை 29.