முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, காரின் பின்சன்னலுக்குக் கொசுவலை பொருத்தியது. வலையின் ஓரத்தில் காந்தத் துண்டுகளை வைத்துத் தைத்திருந்தார்கள். கதவின் இரும்பில் அது தானாக ஒட்டிக்கொள்ளும். அவள் அளந்து சொல்ல, அவர் வெட்டினார்.

"நாப்பத்தி நாலரை."

"நாலரையா, நாலே முக்காலா? சரியாப் பாரும்மா."

"அளவுக் கருவி சரியா இருக்கான்னு பார்க்கிறதுதான் என் வேலையே. என்னையே சந்தேகப்படறீங்களா?"

"அளக்கிறவங்களை இதுவரைக்கும் எவன் நம்பினான், இப்ப நான் நம்ப? சார், கொஞ்சம் தள்ளிப் படுங்க. வலை மேல உக்காராதீங்க."

சார் என்பது நாய். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியது, யாருக்கும் அடங்காதது. முப்பத்தோரு வருடம் ஒரே மனிதரை சார் சார் என்று கூப்பிட்டுத் தேய்ந்த நாக்கு, இனியாவது அந்தச் சொல்லுக்குத் தகுதியான ஒன்றைக் கூப்பிடட்டும் என்பார் அப்பா. "சார் குப்பையில வாய் வெச்சுட்டார்" என்று தெருவே கேட்கச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தனி நிம்மதி தெரியும்.

அந்த இன்னொரு சார், சாலைத்துறையில் பொறியாளர். அப்பா அவருக்குக் கீழே சோதனைக்கூடத்தில் இருந்தார். புதிதாகப் போட்ட சாலையைத் துளைத்து, ஒரு டம்ளர் அகலத்துக்கு உருளையாக வெட்டியெடுத்து, தாரின் கனத்தை அளப்பது அவர் வேலை. துளைக்கும்போது இயந்திரம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். மை கலைந்துவிடும் என்பதால் அளவுகளைப் பென்சிலில் எழுதுவார்கள். கூடத்துக்குத் திரும்பியதும் அதன் மேலேயே மையால் எழுதுவார்கள். கையெழுத்து மட்டும் அன்றே, ஜீப்பில் உட்கார்ந்தபடி, மையில். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அப்பாவும் செய்தார். அவர் வாழ்க்கையில் செய்த தப்பு அது ஒன்றுதான்.

ஏழாவது கிலோமீட்டரில் எண்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 38 இருந்தது. சாலையைப் போட்ட ஒப்பந்தக்காரர், பொறியாளரின் மச்சினன். "நோட்டைக் கொடுங்க, ஒரு பார்வை பார்த்துட்டுத் தரேன்" என்றார் பொறியாளர். மை போடுவதற்கு முன்பே அப்பா கொடுத்துவிட்டார். மூன்றின் வாயை மூடினால் எட்டு. இரண்டு சின்ன வளைவுகள் போதும். நோட்டு திரும்பி வரவில்லை. நேராகக் கோப்புக்குப் போய்விட்டது.

அடுத்த மழையில் ஏழாவது கிலோமீட்டர் உள்வாங்கியது. சரக்கு லாரி கவிழ்ந்து ஓட்டுநருக்கு ஒரு கால் போயிற்று. விசாரணையில் அப்பாவை நிற்கவைத்துக் கேட்டார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. ஆனா நான் எழுதினது முப்பத்தெட்டு."

"இங்க எண்பத்தெட்டுன்னு இருக்கே. பாக்கி அஞ்சு சென்டிமீட்டர் ரோடு எங்க போச்சு? எழுந்து நடந்து போச்சா?"

அறையே சிரித்தது. பொறியாளரும் சிரித்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கடைசி நான்கு வருடம் அப்பா கிடங்கில் காலித் தார் டின்களை எண்ணினார். உறவுக்காரர்கள் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. அம்மாவின் காதுபட மட்டும் பேசினார்கள். அம்மா கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். அப்படியே வெளியே போகாமல் இருந்து, ஒருநாள் இறந்தும் போனாள்.

ஓய்வுபெற்ற மறுவாரம் அப்பா காரின் பின்னிருக்கையைக் கழற்றினார். பலகை அடித்து மெத்தை போட்டார். சின்ன அடுப்பு, தண்ணீர் கேன், நாய்க்கு ஒரு தட்டு. மாதத்தில் இருபது நாள் சாலையில்தான். வயதான காலத்தில் ஊர் சுற்றுகிறார் என்று தெரு சொன்னது. அவர் சுற்றியது மச்சினன் போட்ட சாலைகளை மட்டும். ஒன்று விடவில்லை. குழி கண்ட இடத்தில் காரை ஓரங்கட்டுவார். குழிக்குள் அளவுகோலை நிறுத்தி, பக்கத்தில் நாயை உட்காரவைத்துப் படம் எடுப்பார். அதைத் தபால் அட்டையில் ஒட்டிப் பொறியாளரின் வீட்டுக்கு அனுப்புவார்.

"சார் நலம். குழியின் ஆழம் பதினோரு சென்டிமீட்டர். 38தான் சரி, மாற்றியது நான் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடவும்."

ஐந்து வருடத்தில் இருநூற்றுப் பதினாறு அட்டைகள். வேறு எதுவும் கேட்டதில்லை. அந்த ஒரு வரி வந்தால் அதைச் சட்டம் போட்டு அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவேன் என்று சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தார். ஆணி காலியாகவே இருந்தது.

ஒருமுறை பொறியாளரின் மகன் அவளுக்குப் போன் செய்தான்.

"உங்கப்பாவைக் கொஞ்சம் சொல்லி வைங்க மேடம். போஸ்ட்மேன் படிக்கிறான், வாட்ச்மேன் படிக்கிறான். நேத்து என் மாமியாரே படிச்சுட்டு, யாரு அந்த நாய்னு கேக்கறாங்க. எங்கப்பாவுக்கு வயசாயிடுச்சு."

"எங்கப்பாவுக்கும்தான்."

"அவர் ராத்திரில தூங்கறதே இல்லைங்க."

"எங்கப்பா நல்லாத் தூங்கறார். கார்ல."

போனை வைத்த பிறகு அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று மாலையே அப்பாவுக்கு ஐம்பது அட்டைகள் வாங்கிக் கொடுத்தாள்.

கொசுவலை பொருத்திய ஆறாம் நாள், அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஏரிக்கரையில் டீக்கடை வைத்திருப்பவர்.

"தூங்குறார்னுதாம்மா நெனச்சோம். நாய் கத்திக்கிட்டே இருந்துச்சு. வலையை எடுத்துட்டுப் பார்த்தா... நீங்க வந்துடுங்கம்மா."

நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். போனாள். மருத்துவர் இதயம் என்று எழுதினார். அவள் நேரத்தைக் கேட்டாள். "விடியறதுக்கு முன்னாடி, அஞ்சு மணிவாக்குல" என்றார். அஞ்சா, அஞ்சே காலா என்று திருப்பிக் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. மகனும் பேரனும் சூழ அந்தப் பொறியாளன் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது.

மறுநாள் அடக்கம் முடிந்தது. அதற்கடுத்த நாள் காரை எடுக்க ஏரிக்கரைக்குத் திரும்பினாள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, வெயில் மறைப்புத் தட்டில், இரண்டு தாள்கள் செருகியிருந்தன.

முதலாவது, அப்பாவின் வீட்டருகே உள்ள தபால் நிலையத்தின் அறிவிப்புச் சீட்டு. பதிவுத் தபால் வந்திருக்கிறது, நேரில் வந்து பெறவும், தவறினால் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படும். அனுப்பியவர் இடத்தில் பொறியாளரின் பெயர். கடைசி நாள், இன்று.

ஐந்து வருடத்தில் முதல் பதில். வாங்காமல் கிளம்பியிருக்கிறார்.

தபால் நிலையத்தைப் போனில் பிடித்தாள். "நாலு மணி வரைக்கும் இருக்கும் மேடம். அடையாள அட்டை, இறப்புச் சான்று கொண்டு வாங்க." மணி பன்னிரண்டு. மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். உறைக்குள் அந்த வரியே இருக்கலாம். ஆணிக்கு வேலை வரலாம்.

இரண்டாவது தாளை எடுத்தாள். தாள் அல்ல, தபால் அட்டை. முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, நாயின் படம் ஒட்டி, தயாராக இருந்தது. அன்றைய நோட்டைப் போலப் பென்சில் இல்லை, மை.

"உங்கள் பதிவுத் தபால் வந்திருப்பதாகத் தகவல். நான் வாங்கப்போவதில்லை. என்னை அறை நிறைய ஆள் வைத்துக் கேட்டார்கள், நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு மட்டும் உறைக்குள் ஒட்டி அனுப்பினால் எப்படி? தபால் அட்டையில் எழுதவும். போஸ்ட்மேன் படிக்கட்டும்."

இரண்டு முறை படித்தாள். சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே, மூன்று நாளாக வராத அழுகையும் வந்தது. டீக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பாத்திரம் கழுவினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அறிவிப்புச் சீட்டை நான்காகக் கிழித்தாள். பிறகு அவரிடம் கேட்டாள்.

"இங்க தபால் பெட்டி எங்கண்ணே இருக்கு?"

"ஏரியைச் சுத்திக்கிட்டுப் போகணும்மா, நாலு கிலோமீட்டர். உங்கப்பாவும் அன்னைக்குச் சாயங்காலம் இதையேதான் கேட்டார். இருட்டிப்போச்சு, காலைல முதல் வேலையாப் போட்டுட்டு வந்து டீ குடிக்கிறேன்னார்."