முந்தி விழுந்த வெளிச்சம்

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கும் என் சின்ன ஸ்டூடியோவில் நடந்தது இது. நான் இன்னும் ஃபிலிம் கேமராவில்தான் ஆட்களைப் படம் எடுக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்துக் கோயிலில் பல வருடம் சேர்ந்து வாசித்தவர்கள். நாதஸ்வரக்காரர் தஞ்சாவூர்ப் பக்கம். வேலை பெர்மிட் முடிந்து அன்று மதியமே விமானம் ஏறுகிறார், இனி வரப்போவதில்லை. தவில்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். திருவிழாக் கூட்டத்தில் யாரோ கைப்பேசியில் எடுத்ததைத் தவிர இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லையாம்.

தவில்காரர் வாய் ஓயாத ஆள். நாற்காலி ஆடுகிறது என்றார், ஏர்கான் பத்தவில்லை என்றார், லைட் கண்ணைக் குத்துகிறது என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை இருவர் முகவாய்க்குக் கீழும் பிடித்து ஸ்ட்ரோப் லைட்டை அடித்துப் பார்த்தேன். ஒரே அளவு காட்டியது. லென்ஸின் துவாரத்தை அதற்குத் தக்கபடி வைத்தேன். ஸ்ட்ரோப் வெளிச்சம் கண் இமைப்பதற்குள் வந்து போய்விடும். அந்த நொடியில் ஃபிலிமை மறைக்கும் ஷட்டர் திறந்திருந்தால் போதும். திறந்திருக்கும் என்று நம்பி ஒரு ரோல் முழுவதையும் எடுத்து முடித்தேன்.

ரோலைக் கழற்றும்போது தவில்காரர், "தம்பி, ஒங்க கேமரா தாளம் சரியில்ல லா" என்றார். இன்னொரு புகார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை.

"லைட் டப்புன்னு அடிக்குது, அப்புறந்தான் கேமரா டிக்குங்குது. ரெண்டு கையும் சேந்து விழணும்ல? ஒரு கை முந்துது."

உடனே காலிக் கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து, லென்ஸை வெள்ளைச் சுவருக்கு நேரே பிடித்து, உள்ளே பார்த்தபடி ஒரு தடவை அடித்தேன். லைட் மின்னியது, லென்ஸுக்குள் இருட்டாகவே இருந்தது. இந்த மாதிரிப் பழைய கேமராவின் ஓரத்தில் ஒரு சின்ன விசை உண்டு. அந்தக் காலத்து ஃபிளாஷ் பல்பு மெதுவாகப் பற்றிக்கொள்ளும் என்பதால், அதை முன்கூட்டியே தூண்டிவிட ஒரு நிலை. ஸ்ட்ரோபுக்கு வேறு நிலை. முதல் நாள் தூசி துடைத்தபோது அது பல்பு நிலைக்கு நகர்ந்திருக்க வேண்டும். மீட்டர் காட்டிய அளவு சரிதான். அந்த வெளிச்சத்தில் ஒரு துளிகூட ஃபிலிமுக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரு படமும் விழவில்லை என்று சொன்னேன். நாதஸ்வரக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகும் காடி கீழே காத்திருந்தது, பெட்டிகளையும் அதில் ஏற்றியாகிவிட்டது. "பரவால்ல தம்பி, குடுத்து வைக்கல" என்று எழுந்தார்.

தவில்காரர் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "காடிக்காரன் நிப்பான்லா. ஒக்காருங்கண்ணே. நீங்க போயிட்டா நா யாரோட சேந்து படம் புடிக்கிறது?"

விசையை நகர்த்தி மறுபடி அடித்தேன். இந்த முறை லென்ஸில் வெள்ளை வட்டம் தெரிந்தது. அடுத்த ரோலைப் போட்டு எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் தவில்காரர் தலையைச் சாய்த்து, காதைக் கேமராப் பக்கம் கொடுத்தார். "இது சரி." "இதுவுஞ்சரி." நாதஸ்வரக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே அவசரமாகப் படியிறங்கிப் போனார்.

இரண்டாவது ரோலைக் கழுவிப் பார்த்தபோது எல்லாப் படமும் பழுதில்லாமல் விழுந்திருந்தது. இருவருக்கும் கைப்பேசியில் அனுப்பினேன். சொல்லிவைத்த மாதிரி ஒரே படத்தைத்தான் கேட்டார்கள்: ஒருவர் காதைச் சாய்த்திருக்கிறார், மற்றவர் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரு பிரதி தஞ்சாவூருக்குப் போனது. தன் பிரதியை வாங்க வந்த தவில்காரர், தன் மூக்கு பெரிதாகத் தெரிவதாகக் குறைபட்டுவிட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போதெல்லாம் ஃபிலிம் போடுவதற்கு முன் லென்ஸ் வழியாக ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அப்படியும், ஒரு குறையும் சொல்லாத ஆள் எதிரே வந்து உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.