அரைமில்லியும் அக்காவின் போன் நம்பரும்

மாடிப்படி ஏறி வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இது தையல் கடைதானே?" அவர்கள் மேல் தப்பில்லை. அறையின் முன்பாதியில் இரண்டு தையல் மெஷின், துணி வெட்டும் நீள மேஜை, வருகிறவர்கள் உட்கார ஒரு பிரம்பு நாற்காலி. அது அக்காவின் ராஜ்யம். பின்பாதியில் இரண்டு கம்ப்யூட்டர். அது தங்கையின் டிசைன் கம்பெனி. நடுவில் ஒரு திரை தொங்கும். அதுவும் அக்கா தைத்ததுதான்.

தங்கைக்கு 'அரைமில்லி' என்ற பட்டம் பழைய கம்பெனியில் கிடைத்தது. எழுத்தோ படமோ இம்மி பிசகினால் போதும், "அரை மில்லி இடது பக்கம் தள்ளு" என்று எதிரில் இருப்பவரின் உயிரை எடுப்பாள். அந்த வேலையை விட்ட அன்று அங்கிருந்த மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆறே மாசம். இதே வாசல்ல வந்து நிப்பே." அவளோடு கிளம்பி வந்தது ஒரே ஆள், புரோகிராம் எழுதுகிறவன். எதைக் கேட்டாலும் "ம்" என்பான். அதனால் அவன் பெயரே 'ம்' ஆகிவிட்டது. "என்கூட வர்றியா?" என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னான்.

ஐந்து மாதம் பல் டாக்டர், டயர் கடை என்று சில்லறை வேலைகளில் ஓடியது. பிறகுதான் ஊருக்குள் இருபத்திரண்டு பஸ் ஓட்டும் ஒரு முதலாளி வந்தார். அவருடைய வெப்சைட் நிலைத்தால் கம்பெனி நிலைக்கும், இல்லையென்றால் மேனேஜரின் வாசல்தான். இது அரைமில்லிக்கு நன்றாகவே தெரியும். அதனாலோ என்னவோ, முதல் பக்கம் முழுக்கத் தன் போட்டோதான் வேண்டும் என்று முதலாளி பிடித்த பிடிவாதத்துக்குத் தலையாட்டிவிட்டாள். திங்கட்கிழமை காலை சைட் வெளியானது.

செவ்வாய் மத்தியானம் முதலாளி போனில் வெடித்தார்.

"நேத்திலேருந்து என் ஆபீஸ் போன் அடிக்கவே இல்லை! உங்க சைட்ல இருக்கற நம்பருக்கு நானே போட்டேன். யாரோ எடுத்து, நீங்க யாருன்னு என்னையே கேக்கறாங்க! நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன். உங்க பழைய கம்பெனிகிட்ட பேசிட்டேன், அவங்க ரெடி."

அரைமில்லி சட்டென்று சைட்டைத் திறந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் கோட்டை விட்ட இடம் பக்கத்தின் அடியிலேயே பளிச்சென்று இருந்தது: அக்காவின் நம்பர்!

மாதிரி டிசைனில் மற்றவர்கள் போன் நம்பருக்குப் பதில் வெறும் பூஜ்யங்களைப் போடுவார்கள். இந்த மகாராணிக்கு அது பிடிக்காது. பொய் நம்பர் பக்கத்தின் அழகையே கெடுத்துவிடுமாம். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைத்தான் எப்போதும் போடுவாள். வெளியிடும் முன் மாற்ற வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மேஜை ஓரத்தில் ஒட்டி வைப்பாள். இந்தத் தடவை அந்தத் தாளின் கீழ்ப்பாதியைக் காணோம். அக்கா அதை அழகாக ஒரு காலர் அளவுக்கு வெட்டியிருந்தாள்.

"வேண்டாத பேப்பர்னு நினைச்சேன்டீ," என்றாள் அக்கா.

"சரி, அதை விடு. போன் வந்ததையாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நீதான் என் நம்பரைக் குடுத்திருக்கேன்னு நினைச்சேன். உன் கம்பெனிக்கு நான் ஒரு வேலை செய்யக் கூடாதா?"

நம்பரை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் முதலாளியின் மனதை மாற்றுவது எப்படி? கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றவளிடம், அக்கா ஒரு நீளமான பழுப்புத் தாளை நீட்டினாள். வந்த ஒவ்வொரு அழைப்பையும் அதில் குறித்து வைத்திருந்தாள். மொத்தம் எண்பத்தேழு. அறுபத்தொரு பேர் அடுத்த பஸ் எப்போது என்று கேட்டிருந்தார்கள். பதினான்கு பேருக்குச் சாலையின் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. ஒன்பது பேர் பொருளைத் தொலைத்திருந்தார்கள். இரண்டு பேர் டிரைவரைப் பாராட்டினார்கள். கடைசி வரி: 'ஒரு ஆள். ஒரே கத்தல். முதலாளியாம். நம்பவில்லை.'

"இவங்களுக்கெல்லாம் எப்படிப் பதில் சொன்னே?"

"உன் மேஜையில டைம் டேபிள் இருந்துச்சே, அதைப் பாத்துதான். உன் சைட்ல தேடினா அந்த மீசைக்காரர் போட்டோவைத் தாண்டறதுக்குள்ள விரலே தேஞ்சிடுது."

அரைமில்லி தாளை இன்னொரு தடவை படித்தாள். பிறகு 'ம்'மைப் பார்த்தாள். "முதல் பக்கத்தைத் தூக்கிடலாமா?"

"ம்."

மறுநாள் பத்து மணிக்கு முதலாளி வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார், கோபம் மூக்குக்கு மேல். அரைமில்லி எதையும் மறைக்கவில்லை. "தப்பு என்னோடதுதான் சார்," என்று பழுப்புத் தாளைக் கொடுத்தாள். கடைசி வரி வந்ததும் அவர் மீசை துடித்தது. சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிப்பதற்குள் அக்காவின் போன் அடித்தது. நேற்றே நம்பரைக் குறித்து வைத்திருந்த யாரோ ஒரு பெண்.

அக்கா ஸ்பீக்கரைப் போட்டாள். "எந்த ஸ்டாப்ல இருக்கீங்க?" கேட்டபடியே இன்னொரு போனில், இரவோடு இரவாகச் செய்த புதுப் பக்கத்தைத் திறந்தாள். அந்தப் பெண் சொன்ன ஸ்டாப்பைத் தட்டியதும் அடுத்த பஸ்ஸின் நேரமும் நிற்க வேண்டிய பக்கமும் வந்தன. "நாலு நிமிஷத்துல வந்துடும். பேங்க் பக்கம் நிக்காதீங்க, எதிர்ப்பக்கம் பழக்கடைகிட்ட நில்லுங்க."

"வெச்சிடாதீங்கக்கா, வருதான்னு பாத்துடறேன்."

அந்த நாலு நிமிடமும் முதலாளி கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்போது அரைமில்லியைவிட அவருக்குத்தான் படபடப்பு. பக்கம் அவளுடையது, பஸ் அவருடையது ஆயிற்றே.

"வந்திடுச்சு! வந்திடுச்சுக்கா!"

"சபாஷ்!" என்று கத்தினான் 'ம்'. எல்லோரும் திரும்பி அவனைத்தான் பார்த்தார்கள். முதலாளி அந்த பஸ்ஸைத் தானே ஓட்டி வந்தவர் மாதிரி தொடையில் தட்டினார். "கரெக்ட் டைம்! பாத்தீங்களா?" பிறகு அக்காவிடமிருந்து அந்த போனை வாங்கித் துழாவினார். "என் போட்டோ எங்க?"

"கடைசியில இருக்கு சார்."

"ரொம்பச் சின்னதா இருக்கேம்மா."

"அரை மில்லி பெருசாக்கிடறேன் சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அங்கேயே உட்கார்ந்து பழைய கம்பெனிக்கு போன் போட்டார். "நீங்க வர வேணாம். இவங்களே பாத்துக்கட்டும், பஸ் ஸ்டாப் போர்டு வேலையும் இவங்களுக்குத்தான்... ஏனா? இங்க போன் பண்ணா எடுத்துப் பதில் சொல்றாங்கய்யா."

மறுமுனையில் பேசியது அந்த மேனேஜரேதான். ஆறாவது மாதம் முடிய இன்னும் எட்டு நாள் பாக்கி. அரைமில்லிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, இரண்டையும் அவள் அடக்கவில்லை.

முதலாளி படி இறங்கியதும் அக்கா ஸ்டூலில் ஏறித் திரையைக் கழற்றத் தொடங்கினாள்.

"எதுக்குக்கா?"

"நம்ம கம்பெனிக்கு போன் வந்தா ஒவ்வொரு தடவையும் இதை விலக்கிட்டு ஓடி வர முடியுமா? அந்தப் பக்கத்தைப் பிடி."