மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகுமா?

போன சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால், வாசலில் என் மச்சான் செல்லையா. பாதி முகம் அவருடையது. மீதிப் பாதி யாருடையதோ தெரியவில்லை — அப்படி ஒரு வீக்கம்! தாடையிலிருந்து உச்சி வரை துண்டால் ஒரு கட்டு வேறு.

என் மனைவியின் அண்ணன் இவர். அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுத் தரகர். ஆட்டின் உதட்டை விலக்கி ஒரு பார்வை பார்த்தால் போதும், “ரெண்டு பல்லு”, “நாலு பல்லு” என்று வயதைச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் தன் வாயில் ஒரு பல் கெட்டுப்போனதைக் கவனிக்கவில்லையா? கவனித்தார். நான்கு மாதமாகக் கிராம்பு வைத்தார். புகையிலை வைத்தார். யாரோ சொன்னார்கள் என்று எருக்கம்பால் வைத்து, வாய் வெந்ததுதான் மிச்சம்.

“பல் டாக்டர்கிட்ட போவோம் மச்சான்” என்றேன்.

“மேப்பல்லு மாப்ள! மேப்பல்லப் பிடுங்குனா கண்ணு போயிரும். கண்ணு போனா சந்தையில நான் என்னத்தப் பாப்பேன்? எம் புள்ளைகளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?”

சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் இதை நம்புகிறவர்கள்தான், எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு அது வெறும் பயம். மச்சானுக்குப் பிழைப்பே அந்த இரண்டு கண்தான்.

நான் என் மூளையை உபயோகித்தேன். “மச்சான், ஆட்டுக்கு மேல் வரிசையில முன்பல்லு உண்டா?”

“கிடையாது.”

“அதுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?”

“அது பொறவியிலேயே இல்லாதது மாப்ள. யாரும் பிடுங்கல.”

கடைசியில் அவர் தங்கைதான் அடுப்படியிலிருந்து வந்தாள். “ஏண்ணே, மூணு நாளாச் சோறு எறங்கல. சீழ் வச்சு உசுருக்கே வந்துட்டா, அப்புறம் கண்ண வச்சு என்ன செய்யப்போற?”

ஜட்காவில் ஏறிவிட்டார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். மெட்ராஸில் படித்துவிட்டு வந்து நம் ஊரிலேயே கிளினிக் போட்டிருக்கிறார். வாயைப் பார்த்தவுடன் பல் பிடுங்கும் குறட்டைத் தூக்குவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, காயம் பட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்குமா... பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை விசாரிக்க மாட்டார்கள். பென்சிலின் போட்டு, வீக்கம் வடியட்டும், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கண் விஷயத்தையும் மச்சான் கேட்டுவிட்டார். “கண் நரம்பு வேற, பல் நரம்பு வேறங்க. ஒண்ணும் ஆகாது” என்று சிரித்தார் டாக்டர். மச்சான் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. சலூன் நாற்காலி மாதிரி ஒரு நாற்காலி, தலைக்கு மேலே விளக்கு, பக்கத்தில் துணி மூடிய ஒரு தட்டு. முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை — அந்தத் துணியைத் தூக்கிப் பார்க்காதீர்கள். ஊசி எறும்புக்கடி மாதிரி இருக்கும் என்பார்கள். அது கட்டெறும்பு. ஆனால் ஒரு நிமிஷம்தான். அப்புறம் உதடு உங்களுடையதா, அடுத்த வீட்டுக்காரருடையதா என்றே தெரியாது.

“வலிச்சா கையைத் தூக்குங்க” என்றார் டாக்டர்.

மச்சான் கையைத் தூக்கவில்லை. என் கையை இழுத்து, அதன்மேல் துண்டைப் போட்டு, இரண்டு விரலைப் பிடித்தார்! அய்யலூரில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்துத்தான் பேச்சு. மச்சான் வலியையும் அப்படியே பேசினார்.

“என்னவாம்?” என்றார் டாக்டர்.

“ரெண்டு விரல் வலி.”

டாக்டர் இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றினார். பிடி ஒரு விரலாக இறங்கியது. அப்புறம் கையே தளர்ந்தது. குறடு உள்ளே போனது, ஒரு அசைப்பு, இன்னொரு அசைப்பு... தட்டில் ‘டங்’. அவ்வளவுதான்! நான்கு மாத நரகம், நான்கு நிமிஷத்தில் முடிந்தது.

பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். மச்சான் கடித்தார். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை.

“மாப்ள... கண்ணுக்குக் கீழ தொட்டா ஒண்ணுமே தெரியல. போச்சு மாப்ள, போச்சு!”

“ஊசி அதுவரைக்கும் மரத்துப்போக வைக்குங்க. ரெண்டு மூணு மணி நேரத்துல சரியாயிடும். கண்ணைத் திறங்க” என்றார் டாக்டர்.

“மாட்டேன்.”

இறுக்கி மூடிய இமைகளின் ஓரத்தில் நீர் கோத்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு வலி பயமே இல்லை. திறந்து பார்த்து இருட்டாக இருந்துவிட்டால்? அந்தப் பயம்.

டாக்டர் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, வாய் நிறையச் சிரித்து, “ஒரே ஒரு கண்ணை மட்டும் திறங்கய்யா, எனக்காக” என்று கெஞ்சினார்.

வலது கண் கோடு மாதிரி திறந்தது. பிறகு அகலமாக. பிறகு இடது கண். மச்சான் டாக்டரின் சிரிப்பையே உற்றுப் பார்த்தார். கடித்த பஞ்சோடு பேசினார்.

“தம்பி, கீழ் வரிசையில, இந்தப் பக்கம் கடைவாயில ஒண்ணு சொத்தையாக் கெடக்கே. பாக்கலியா?”

டாக்டரின் வாய் டப்பென்று மூடிக்கொண்டது. முகம் சிவந்துவிட்டது. “ஆறு மாசமா இருக்குங்க” என்றார் மெதுவாக. “என்கூடப் படிச்ச பல் டாக்டர் ஒருத்தன் மதுரையில இருக்கான். போகணும் போகணும்னு... கொஞ்சம் பயம்.”

அரை மணி நேரம் பேசக்கூடாது, இன்றைக்குச் சூடாக எதுவும் குடிக்கக்கூடாது, நாளையிலிருந்து உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும் — எல்லாவற்றையும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். மச்சான் முதல் உத்தரவை அங்கேயே மீறினார்.

“நான் கூட வாரேன் தம்பி. என் விரலப் பிடிச்சுக்கிடுங்க.”

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மதுரைக்குப் போகிறார்கள். மச்சான் துண்டைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்.