ஒரு பாலாடை சத்து மருந்து

என் கொழுந்தியாள் தன் ஒன்றரை வயது மகளுக்குச் சத்து மருந்தை அளவுக்கு மீறிப் புகட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அளவு தப்பு என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அந்தக் குழந்தை என் மகனைவிடக் கொழுகொழுவென்று இருந்தது. இதைத் தவிர வேறு காரணம் எதுவும் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதாவது என் சகலை, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. எட்டாவதோடு படிப்பை விட்டவர். எந்த விதத்திலும் அவர் எனக்கு மேலே இல்லை என்ற நினைப்பில் நான் அவரிடம் அன்பாகவே இருந்தேன். அவர்களுக்குப் பெண் பிறந்து, அது வளர வளரத்தான் என் அன்பு குறைந்தது.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுதபூஜை அன்று காய் நிறுக்கும் பெரிய தராசுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பூஜை போட்ட தராசில் முதலில் சரக்கு வைக்கமாட்டார்கள். நடை பழகிய பிள்ளைகளை ஒவ்வொன்றாக உட்காரவைத்து எடை பார்த்த பிறகுதான் ஏலக்காய் மூட்டை ஏறும். அந்த வருஷம் நாங்களும் போயிருந்தோம். யாரோ வேடிக்கைக்காக, எடைக்கல்லுக்குப் பதிலாக ஒரு தட்டில் என் மகனையும் மறு தட்டில் அந்தப் பெண்ணையும் உட்காரவைத்துவிட்டார்கள். என் மகனுக்கு அவளைவிட ஐந்து மாதம் கூடுதல். அவள் தட்டு தரையில் மோதி நின்றது. என் மகன் மேலே போய், ஆடுகிற சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“வாத்தியாரே, பிடிங்க பிடிங்க, பிள்ள மெட்டத் தாண்டிப் பறந்துறப் போறான்!”

“சோத்துக்குப் பதிலாப் பாடத்த ஊட்டுறாக போல” என்றாள் காய் பொறுக்கும் பெண் ஒருத்தி.

“சும்மா இருங்கத்தா” என்று சகலை அதட்டினார். ஆனால் அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. ஜீப்பில் இறங்கி வரும்போது வளைவுக்கு வளைவு அந்தச் சிரிப்புத்தான் என் முன்னால் வந்தது.

மறுநாளே மகனைப் போடியில் ஒரு டாக்டரிடம் தூக்கிப் போனேன். அவர் அவனைத் தட்டிப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார்.

“ஓடுறானா, விளையாடுறானா?”

“ஓடுறான் சார். பாலும் பிஸ்கட்டும் தவிர எதையும் வாயில வைக்கமாட்டேங்கிறான்.”

“அப்ப மூணு மாசத்துக்குச் சத்துச் சொட்டு மருந்து குடுங்க. ஆனா மருந்து சோறு ஆகாது. ரெண்டு வாய், மூணு வாயின்னு பழக்கிக்கிட்டே வாங்க.”

எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். அட்டையில் போட்டிருக்கும் வயதைப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் குடிக்கும் டானிக் ஆகாது. பாட்டிலோடு வரும் உறிஞ்சு குழாயில்தான் அளக்க வேண்டும். இதோடு மீனெண்ணெய் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. வைட்டமின் ஏ, டி இரண்டும் மிஞ்சினால் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும். இரும்புச் சத்து மாத்திரை வீட்டில் இருந்தால் பிள்ளை கைக்கு எட்டவே கூடாது. மிட்டாய் என்று தின்றுவிடும், உயிருக்கே ஆபத்து.

“நல்லாச் சாப்பிடுற பிள்ளைக்கும் இது வேணுமா சார்?”

“எதுக்கு? கேப்பையும் கீரையும் முட்டையும் பழமும் திங்கிற பிள்ளைக்குப் பாட்டில் எதுக்கு?”

நான் யாரை நினைத்துக் கேட்டேன் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பதில் எனக்குக் கசந்தது.

கார்த்திகையில் கொழுந்தியாள் ஏதோ சோலியாகப் போடிக்கு வந்தாள். எங்கள் அலமாரியில் பாட்டிலைப் பார்த்துவிட்டு, “மச்சான், இது எங்க பிள்ளைக்கும் வேணுமா?” என்று கேட்டாள்.

டாக்டரின் பதில் அப்படியே என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொன்னது வேறு.

“கட்டாயம் வேணும். அவ உடம்பு வெறும் ஊளைச்சதை. கேப்பைக்கூழக் கொறச்சுட்டு இதக் குடு.”

அவள் முகம் சுண்டிப் போனது. “எனக்கு என்ன மச்சான் தெரியும், நீங்க படிச்சவுக” என்றாள். அன்றைக்கே ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு மலை ஏறினாள்.

தைப்பொங்கலுக்கு நாங்கள் அங்கே போனோம். அப்போதுதான் ஆரம்பத்தில் சொன்னதைப் பார்த்தேன். குழந்தைகளுக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், பாலாடை. அதில் அவள் சொட்டு மருந்தை முக்கால்வாசிக்கு ஊற்றினாள். மீனெண்ணெய் மாத்திரை ஒன்றைக் குத்தி அதிலேயே பிழிந்தாள்.

“குழாய் அன்னைக்கே ஒடஞ்சு போச்சு மச்சான். பாலு, கசாயம் எல்லாம் இதுலதான குடுக்குறோம்னு இதுலயே குடுத்துக்கிட்டிருக்கேன். மூணாவது பாட்டில் ஓடுது.”

அட்டையில் அளவு இங்கிலீஷில் இருந்தது. நான் வாசித்துச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். “ம்” என்றேன். காப்பியைக் குடித்தேன். கூழ் குறைந்ததில் குழந்தையின் கன்னம் கொஞ்சம் வற்றியிருந்தது. அதைப் பார்த்து என் மனம் குளிர்ந்தது என்பதையும் எழுதியாக வேண்டும்.

பங்குனியில் இரண்டு பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. தலைமுடி கொத்தாகக் கொட்டியிருந்தது. காலைத் தொட்டால் வீறிட்டு அழுதாள்.

“யாரு கண்ணு பட்டுச்சோ மச்சான்! மொளகா சுத்திப் போட்டும் கேக்கல.”

நான் சட்டையை மாட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, “எதுல அளந்த?” என்றார். அவள் பையிலிருந்து பாலாடையை எடுத்துக் காட்டினாள். அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

“எல்லாத்தையும் நிறுத்து. இன்னைக்கே. பழைய சாப்பாட்டக் குடு. நல்ல காலம், இப்பவே வந்தீங்க. யாரு இதக் குடுக்கச் சொன்னது?”

“மச்சான்தான் சொன்னாக” என்றவள் உடனே பதறி, “அவுக சரியாத்தான் சொல்லியிருப்பாக டாக்டரய்யா. நாந்தான் படிக்காத முண்டம்” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

குழந்தை தேறச் சில வாரம் ஆனது. தேறிவிட்டாள் என்ற செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து ஆட்களோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு மேலே போனேன். இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். டாக்டர் வேண்டாம் என்று சொன்னதை மறைத்தது, கூழைக் குறைக்கச் சொன்னது, இரண்டையும்.

“ஏண்ணே?” என்றார் சகலை.

“தராசுல உன் பிள்ள கீழே போச்சு, என் பிள்ள மேலே போச்சு.”

“எம்பிள்ள கனத்தா ஒங்களுக்கு என்னண்ணே பாரம்?” என்றார்.

கொழுந்தியாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பொங்கலன்னைக்கு நான் பாலாடையில ஊத்துனதப் பாத்தீகளா மச்சான்?”

“பார்த்தேன்.”

அவள் எழுந்து உள்ளே போனாள். என் பேச்சைக் கேட்டு அவள் சொல்லி, இன்னும் இரண்டு வீட்டில் அந்த மருந்து வாங்கியிருந்தார்கள். அந்த வாசல்களிலும் போய் நின்று, வேண்டாம், நான் சொன்னது பொய் என்று சொன்னேன். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி பாட்டிலை என் கண் முன்னாலேயே சாக்கடையில் கவிழ்த்தாள்.

திரும்பும்போது கொழுந்தியாள் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்தாள். வறுத்து அரைத்த கேப்பை மாவு.

“அக்காட்டக் குடுங்க. வெல்லம் போட்டுக் கிண்டச் சொல்லுங்க. ஒங்க பிள்ள என்ன பண்ணுச்சு?”

அந்த மாவு மாதம் தவறாமல் ஜீப்பில் இறங்கியது. என் மகன் அதைத்தான் முதலில் விரும்பிச் சாப்பிட்டான்.

அடுத்த ஆயுதபூஜைக்குச் சகலை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனோம். தராசுக்குச் சந்தனம் வைத்திருந்தார்கள். கொழுந்தியாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தராசுக் கொட்டகையின் வாசல் வரை வந்தாள். உள்ளே நான் நிற்பதைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். “வாங்க மச்சான்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

அந்த வருஷம் என் மகன் தட்டில் தனியாக உட்கார்ந்தான். எதிர்த்தட்டில் கல் வைத்தார்கள். யாரும் கேலி பேசவில்லை.