துண்டால் மூடிய கை

குருசாமி இறந்துவிட்டதாக அவன் தங்கை மகன் எழுதிய அஞ்சலட்டை செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்குள் எரியூட்டியாகிவிட்டது. அட்டையை மேசையில் வைத்துவிட்டு அச்சகத்துக்குப் போய் வழக்கம்போல் மெய்ப்புத் திருத்தினேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

விருதுநகரில் பிள்ளைகளைக் குருசாமியிடம் அழைத்துப்போய்க் காட்டிய உங்களுக்கு அவர் காது பார்க்கிற சார். எனக்கு அவன் என் படிப்பை நிறுத்தியவன். அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் நடுவில், காது கேளாதோரையும் பேச்சு வராதோரையும் சோதித்துப் பயிற்சி தரும் படிப்புக்காக இருவரும் பம்பாய் போனோம். அப்படியொரு படிப்பு இருப்பதே இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. சிறுவயதில் தாயில்பட்டியில் அருகே வெடித்த வெடி என் இடது காதைக் கொண்டுபோயிருந்தது. அதை மறைத்துத்தான் சேர்ந்தேன்.

மாணவர்கள் முதலில் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு காதிலும் தனித்தனியே கருவி எழுப்பும் ஒலி கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். நம் பட்டாசுக் கம்பெனிகளில் காது போனவர்கள் எதிராளியின் கையைப் பார்த்தே காலம் தள்ளுவார்கள். இடது காதின் முறை வந்ததும் நானும் குருசாமியின் கையைப் பார்த்தேன். அது கருவியின் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் விரலைத் தூக்கினேன். வேறு ஊர்க்காரன் ஏமாந்திருப்பான். இவன் அம்மா வெடிக்கு மருந்து அடைத்துக் காது போனவள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையை மூடினான். என் விரல் அதன்பின் எழவில்லை.

“ஏலே, இந்தக் காது எம்புட்டு நாளா இப்படி?”

“அது கெடக்கட்டும். நல்லாருக்குன்னு எழுதிருலே. ஊருக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பிப் போவேன்?”

“எங்கம்மாவுக்கும் இப்படித்தான் காது நல்லாருக்குன்னு ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. நாளைக்கு ஒரு பச்சப்பிள்ளைக்கு நீ தப்பா எழுதுவ. அது பேச்சு வராமலே போயிரும்லே.”

உள்ளதையே எழுதினான். காதில் குறையுள்ளவர் அங்கே தொடரக்கூடாது என்பது விதி. அந்த வாரமே ஊருக்கு ரயிலேறினேன். வழியனுப்ப வந்தவனைத் திரும்பிப் பார்க்காமல் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தேன்.

பல ஆண்டுகள் கழித்துத் திருத்தங்கலில் ஒரு கல்யாணப் பந்தி. என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்த குருசாமி, இலை போடுமுன் எழுந்து சுற்றிவந்து வலப்பக்கம் உட்கார்ந்தான். ஊரே என்னிடம் கத்தித்தான் பேசும். அவன் கத்தவில்லை.

“இன்னும் கோவமாத்தான் இருக்கியாலே? நான் எழுதுனது தப்புன்னா சொல்லு.”

ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. விழாதது போல இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. “தப்பில்லை” என்று அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்குச் சேரவேண்டிய அந்த ஒரு பதிலை நான்தான் வைத்திருக்கிறேன்.