கலியாணசுந்தரம் வைத்த நிறுத்தங்கள்

சண்டைக்கு முன்னால் மலாக்காவில் பஸ்ஸை நிறுத்த ஒரு கை போதும். எந்த வீட்டு வாசலில் கை நீண்டாலும் பஸ் நிற்கும். குடையை மறந்து உள்ளே ஓடிய பெண், குடையோடு பக்கத்து வீட்டுச் சேதியையும் எடுத்துக்கொண்டு திரும்பும் வரைக்கும் நிற்கும். ஜப்பான்காரன் வந்தபிறகு அந்தச் சொகுசு போயிற்று. ஓடக்கூடிய பஸ்களைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. பெட்ரோல் கண்ணில் படவில்லை. மிஞ்சிய கிழட்டு வண்டிகளின் பின்புறம் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியை மூட்டி, அந்தப் புகையின் பலத்தில் ஓட்டினார்கள். அது பலம் என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். மேடு வந்தால் ஆண்களெல்லாம் இறங்கித் தள்ள வேண்டும்.

கலியாணசுந்தரம் அந்தப் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். கல்யாணம் ஆகாதவன். காஜா பேராங்கில் அக்கா சிவகாமசுந்தரியின் வீட்டிலேயே இருந்தான். அக்காவை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அவனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அதில் அவளுக்குக் குறை கிடையாது. போட்ட பணம் வீண் போகவில்லை என்பது அவள் கட்சி. சட்டைப் பித்தான் ஒன்று கழன்றால் வீட்டை விட்டுக் கிளம்பாதவன், பொய்க் கணக்கு எழுதத் தெரியாதவன், தெருவில் யாருக்கும் தலை குனிந்து பதில் சொல்லும்படி நடக்காதவன்.

அக்காள் புருஷன் சேதுபதி துறைமுகத்துக் கிடங்கில் வேலை பார்த்தவர். கிடங்கு மூடியபிறகு செங் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு மரவள்ளித் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கூலியில் பாதி ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரம் போட்ட நோட்டு, பாதி கிழங்கு. நோட்டை யாரும் மதிக்காத காலம், கிழங்குதான் சோறு. நேரத்துக்குப் போய்ச் சேராதவனுக்கு அன்றைக்கு வேலையும் இல்லை, கிழங்கும் இல்லை. பஸ் ஓடினால் அந்த வீட்டில் அடுப்பு எரியும், ஓடாவிட்டால் எரியாது. அவ்வளவுதான் கணக்கு.

பஸ் ஓடவில்லை. வாரத்தில் பாதி நாள், வழியில் இருக்கும் பாச்சாங்குக்கு முன்னாலேயே படுத்துவிடும்.

"ஏண்டா சுந்தரம், உன் கம்பெனி பஸ்ஸு உயிரோட இருக்கா, இல்ல கரி போட்டு எரிச்சிட்டீங்களா?" என்றாள் சிவகாமசுந்தரி, வெறும் பையோடு திரும்பி வந்த புருஷனைப் பார்த்துவிட்டு.

"அவனை ஏன் திட்டுறே? நான் தள்ளினது போதலை. நாளைக்கு உன்னையும் கூட்டிட்டுப் போறேன், சேர்ந்து தள்ளலாம்" என்றார் சேதுபதி.

"நான் தள்ளினா சிங்கப்பூருக்கே போயிடும்."

கலியாணசுந்தரம் சிரிக்கவில்லை. மறுநாள் செங் பஸ்ஸில் டிரைவர் ராஜரத்தினம் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பிள்ளை சிட்டி கம்பத்து ஆள், பல தலைமுறைக்கு முன்னே மலாக்காவில் குடியேறிய தமிழர் வழி. பெயர் தமிழ், நெற்றியில் விபூதி, பேச்சு மட்டும் அவர்களுடைய மலாய்.

"இந்த இஞ்சினும் என் மாமியாரும் ஒரே ஜாதி" என்றார் பிள்ளை, அந்த மலாயில். "நடக்கிற வரைக்கும் நடக்கும். உட்கார்ந்துட்டா எழுப்ப முடியாது."

அந்தக் கேலியில் கலியாணசுந்தரத்துக்கு விஷயம் பிடிபட்டது. பஸ்ஸைக் கொன்றது கரி அல்ல, நிற்பதுதான். ஒவ்வொரு கைக்கும் நின்று, ஒவ்வொரு முறையும் புகை கட்டி மறுபடி கிளம்புவதற்குள் அதன் உயிர் போகிறது. நிற்கும் இடங்களைக் குறைக்க வேண்டும். அந்த இடங்களும் இஞ்சினுக்குத் தோதாக இருக்க வேண்டும்.

விடுமுறை நாட்களில் அவன் அந்தச் சாலை முழுக்க நடந்தான். கிளம்பியதும் இறக்கம் வரும்படியான இடங்களைத் தேடினான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நிற்க நிழல் வேண்டும் என்று பார்த்தான். ஜப்பான் காவல் சிப்பாய் நிற்கும் முனையில் நின்றால் அத்தனை பேரும் இறங்கி அவனைக் கும்பிட்டுவிட்டு ஏற வேண்டும். அந்த நிறுத்தத்தை வளைவுக்கு அப்பால் தள்ளினான். பலகை எழுதப் பெயின்ட் கிடைக்கவில்லை. சுண்ணாம்பைக் கரைத்து, குறித்த மரங்களில் இடுப்பளவில் ஒரு வெள்ளை வளையம் அடித்தான். வளையம் இருக்கும் இடத்தில்தான் பஸ் நிற்கும். அங்கே வரிசையாக நிற்க வேண்டும்.

ஜனங்கள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. குழாயடியில் பக்கத்து வீட்டு அஞ்சலைதான் முதலில் பிடித்துக்கொண்டாள். அவள் விதவை, ஒரே மகன் அப்பாசாமி, சேதுபதி போகும் அதே தோட்டத்தில் வேலை.

"ஏன் தம்பி, இத்தனை வருஷம் என் வாசல்ல நின்ன பஸ்ஸுக்கு இப்ப கால் வலிக்குதா?"

"ஆமா அக்கா, அதுக்கு வயசாயிடுச்சு. நீங்கதான் நாலு எட்டு நடந்து வரணும்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு."

"நம்ம எட்டா, ஜப்பான் எட்டா?"

அது ஒரு பெரிய வில்லங்கம். கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஜப்பான் எட்டு என்றால் பழைய ஆறரை. பாதிப் பேர் வெயிலைப் பார்த்து வந்தார்கள், பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்து வந்தார்கள், இருவரும் டைம் கீப்பரைத் திட்டினார்கள். கலியாணசுந்தரம் வாதாடவில்லை. "சேவல் கூவி, காப்பி குடிச்சு, முகம் துடைச்சதும் வாங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டான். காப்பி என்று அவன் சொன்னது வறுத்த கிழங்குத் தோலைக் கொதிக்க வைத்த தண்ணீரை. அது எல்லோருக்கும் புரிந்தது.

மெல்ல மெல்லப் பழகிவிட்டார்கள். பஸ் படுப்பது குறைந்தது. செங்குக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தது, நேரத்தில் திரும்பியது. சேதுபதியின் பையில் தினமும் கிழங்கு வந்தது. முண்டியடித்துப் பழகிய ஜனம் மரத்தடியில் ஒருவர் பின் ஒருவராக நிற்பதைப் பார்க்க, பொய்யாத விநாயகர் கோயிலுக்குப் போகிற வழியில் சிவகாமசுந்தரி வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு போனாள். "எந்தம்பி வச்ச வரிசை" என்று கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். தப்பில்லை. அந்தக் கெட்ட காலத்தில் மலாக்காவில் சொல்லிக்கொள்ளும்படி நடந்த காரியம் அது ஒன்றுதான்.

ஏற்பாடு நன்றாக நடந்ததாலேயே கூட்டம் பெருகியது. காஜா பேராங் நிறுத்தத்தில் காலையில் பஸ் நிரம்பிப் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். நின்றவர்களில் ஒருவராகச் சேதுபதி சில நாள் செங்குக்கு நடந்தே போனார். இன்னொரு பஸ் வேண்டும் என்று கலியாணசுந்தரம் கம்பெனி மூலமாகத் திரும்பத் திரும்பக் கேட்டான். பதில் இல்லை.

ஒருநாள், ஊரின் வண்டிகளைக் கவனித்துக்கொண்ட ஜப்பான் அதிகாரி அவனைக் கூப்பிட்டனுப்பினான். கலியாணசுந்தரம் சட்டையைத் தோய்த்து மடித்துப் போட்டுக்கொண்டு போனான். அதிகாரி சிரித்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னான். மலாய் பேசும் ஒருவன் இடையில் நின்று மாற்றிச் சொன்னான்.

"மரத்தில் வெள்ளை அடித்து ஆட்களை வரிசையில் நிற்க வைத்தது நீதானா என்று கேட்கிறார்."

"ஆமாம்."

"பாகுஸ், நல்ல வேலை என்கிறார். இந்த ஊரில் ஒழுங்கு தெரிந்த ஆள் நீ ஒருத்தன்தானாம். எந்த நிறுத்தத்தில் ஆம்பிளைகள் அதிகம்? எப்போது?"

இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. கலியாணசுந்தரம் மனம் திறந்து சொன்னான். காஜா பேராங், காலை எட்டு மணி. தோட்ட வேலைக்காரர்கள், பெரும்பாலும் வயசுப் பிள்ளைகள். ஒரு பஸ் போதவில்லை. பாதிப் பேருக்கு இடமில்லை.

அதிகாரி தலையாட்டினான். இடையில் நின்றவன் மாற்றிச் சொன்னான்: "நாளைக்கு அங்கே இன்னொரு கெரெத்தா வரும். எல்லாரையும் வரச் சொல்."

கெரெத்தா என்றால் மலாயில் வண்டி. காரும் கெரெத்தாதான், மாட்டு வண்டியும் கெரெத்தாதான். கலியாணசுந்தரம் இத்தனை நாளாக ஒரே ஒரு வண்டிக்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். ஆகவே அவன் காதில் பஸ் என்று விழுந்தது. எந்தக் கெரெத்தா என்று அவன் கேட்கவில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது தோட்டங்களில் இருந்தது. டவுனுக்குள் அது வராது என்று எல்லோரும் நம்பினார்கள், அவனும் நம்பினான்.

அன்று சாயங்காலம் நல்ல சேதியோடு வீடு வீடாகப் போனான். சேதுபதி காலுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நடக்காதீங்க அத்தான். ரெண்டாவது வண்டி வருது. உட்கார்ந்தே போகலாம்."

"உட்காரவா? எனக்கா? மச்சான், நீ ஒரு நாள் கவர்னர் ஆவேடா."

"கவர்னர் வேணாம். காலுக்கு ஓய்வு குடுங்க, போதும்."

மறுநாள் காலை கலியாணசுந்தரம் டவுனில் பஸ் நிலையத்தில் இருந்தான். முதல் நடை முடிந்து திரும்ப வேண்டிய பஸ் சீக்கிரமே திரும்பிவிட்டது. உள்ளே ஓர் ஆள் இல்லை. ராஜரத்தினம் பிள்ளை இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ஆட்கள் எங்கே?" என்றான் கலியாணசுந்தரம்.

"எனக்கு முந்தி லாரி வந்துடுச்சு" என்றார் பிள்ளை. "நான் போறப்ப கடைசி ஆள் ஏறிட்டிருந்தான். பொம்பளைங்களை விட்டுட்டானுங்க. ஆம்பிளைங்க எல்லாரும் போயாச்சு. ரயிலடிக்குப் போற தம்பின் ரோட்டுல போனது லாரி."

"எங்க அத்தான்?"

பிள்ளை கையைத் தம்பின் பக்கம் நீட்டினார்.

கலியாணசுந்தரம் அதிகாரியின் அலுவலகத்துக்கு ஓடினான். தப்பு நடந்துவிட்டது, அவர்கள் கூலி ஆட்கள் இல்லை, குடும்பஸ்தர்கள் என்று மூச்சிரைக்கச் சொன்னான். மலாய் பேசுகிறவன் அதை மாற்றிச் சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. பிறகு அதிகாரி முன்போலவே சாந்தமாகப் பேசினான். வேலை நன்றாக இருக்கிறதாம். பாச்சாங்கிலும் செங்கிலும் இன்னும் சில மரங்களுக்கு வெள்ளை அடிக்க வேண்டுமாம்.

அவன் சுண்ணாம்பு கரைக்கவில்லை. பஸ் நிலையத்திலிருந்து கழிவெண்ணெய் எடுத்துப் போய், தான் அடித்த வளையங்களை ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கினான். அவன் அதைச் செய்திருக்கத் தேவையில்லை. அதற்குள் பயத்தில் அந்த மரங்களின் கீழே நிற்க ஒருவரும் வருவதில்லை. நிற்க ஆள் இல்லாததால் பஸ் நிற்கவில்லை; வீட்டு வாசலில் கை நீட்டியவர்களுக்காகப் பிள்ளை நிறுத்தினால் இஞ்சின் பழையபடி அணைந்தது. காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தாய்மார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டே நடந்தார்கள். சில மாதத்தில் செங் பஸ் நின்றே போயிற்று. கம்பெனி கேட்டும் அவன் வேறு திட்டம் சொல்லவில்லை. கலியாணசுந்தரம் செங் தோட்டத்தில் அத்தானின் இடத்தில் கிழங்கு தோண்டப் போனான். போக வர நடைதான்.

சிவகாமசுந்தரி அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தேவலை என்று அவன் சாப்பிடாமல் எழுந்துபோன நாட்கள் உண்டு. "உக்காந்து தின்னுடா" என்பாள்.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். திரும்பியவர்கள் சொற்பம். காஜா பேராங் நிறுத்தத்தில் ஏற்றப்பட்டவர்களில் சங்கரன் என்ற ஒருவன் மட்டும் வந்து, கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று சேதி வந்தது. சிவகாமசுந்தரியும் அஞ்சலையும் கிளம்பினார்கள். கலியாணசுந்தரம் அவர்கள் பின்னால் போனான்.

சங்கரனுக்கு முப்பது வயதுகூட இராது. கிழவன் மாதிரி இருந்தான். சேதுபதி சயாமுக்குப் போன மறு மழைக்காலத்திலேயே வாந்திபேதியில் போய்விட்டார் என்றான். அப்பாசாமி அதற்குப் பிறகு. அவனை எரித்தார்களா புதைத்தார்களா என்று தனக்குத் தெரியாது என்றான். பெண்கள் அழவில்லை. வருவதற்கு முன்பே அழுது தீர்த்திருந்தார்கள்.

கலியாணசுந்தரம்தான் கேட்டான். "அன்னைக்குக் காலையில ஓடியிருக்க முடியாதா?"

சங்கரன் அவனைப் பார்த்தான். யார் கேட்பது என்று அவனுக்குத் தெரியும். சொல்லலாமா என்று யோசித்தான்.

"ஓடியிருக்கலாம்" என்றான். "பக்கத்துலேயே சந்து. லாரியில துப்பாக்கியோட ரெண்டு பேருதான். சில பேரு நழுவப் பார்த்தாங்க. உங்கத்தான்தான், 'பயப்படாதீங்கடா, இது மச்சான் சொல்லிவச்ச வண்டி, செங்குக்குத்தான் போவுது'ன்னாரு. அவரு மொதல்ல ஏறினாரு. அப்புறம் நாங்க ஏறினோம்."

சிவகாமசுந்தரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கலியாணசுந்தரம் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அஞ்சலக்கா" என்று ஆரம்பித்தான். "நான் அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்து சொல்லாம இருந்திருந்தா..."

"வேணாம் தம்பி" என்றாள் அஞ்சலை. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ சொன்னே, அவ்வளவுதான். அவன் அன்னைக்கு உடம்பு வலிக்குது, போகலைன்னு படுத்திருந்தான். புது வண்டி வருதாம், மொத ஆளாப் போய் நில்லுடான்னு போர்வையை உருவி எழுப்பினது நான்."

கலியாணசுந்தரம் கட்டிலின் இரும்பை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

சங்கரன் தண்ணீர் கேட்டான். சிவகாமசுந்தரி எழுந்து ஊற்றிக் கொடுத்தாள்.